முடியாத ஆட்டத்தைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பாதி படித்துவிட்டுப் பின்னூட்டம் போட வேண்டாம். முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. வீடியோ கேம் ஆடினால் மூளை கெடும், கண் கெடும், ஒழுக்கம் கெடும், ஆகவே செல்போனைப் பிடுங்கி உடையுங்கள் என்று. எழுதியவர் பெயர் இல்லை. கீழே கும்பிடு போட்ட கைகள் மட்டும் முப்பதுக்கு மேல். மறுநாள் பழைய மாணவர் குழுவில் ஒருவர் இதற்கு நேர் எதிராக எழுதினார்: "இலவச கேம்தானே டீச்சர், பையன் ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கிறான், இதில் என்ன கெட்டுப்போச்சு?"

இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். முதல் ஆள் கேம் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறார். இரண்டாம் ஆள் இலவசம் என்ற சொல்லை நம்புகிறார். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. கேமில் நல்ல சரக்கும் உண்டு, கெட்ட சரக்கும் உண்டு. நம் வீடுகளுக்குள் வந்திருப்பது பெரும்பாலும் கெட்ட சரக்கு. அது வந்த வாசல் 'இலவசம்' என்ற வாசல்.

"டீச்சருக்கு இதில் என்ன தெரியும்?" என்று சிலர் கேட்பீர்கள். நானும் ஆடுகிறவள்தான். தொண்ணூறுகளில் வகுப்பில் மேசைக்கடியில் பிரிக் கேம் ஆடியவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். பெயர் சொல்லவில்லை. அதை வாங்கிப் பீரோவில் வைத்து, ஆண்டுத் தேர்வு முடிந்த அன்று திருப்பிக் கொடுத்தவள் நான். நோக்கியா 1100 வைத்திருந்த காலத்தில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரமெல்லாம் பாம்பு கேம் ஆடினேன். இப்போது அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன் புதிது வாங்கியதும் தன் பழைய நின்டெண்டோ ஸ்விட்சை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். மதியம் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி வைத்த பிறகு அரை மணி நேரம் ஆடுவேன். சுடுவது, வெட்டுவது எல்லாம் எனக்கு வராது, விரல் அவ்வளவு வேகமாக ஓடாது. ஆனால் ஒரு பொருளைப் பிள்ளை கையில் கொடுத்தால் அது பிள்ளையை என்ன செய்கிறது என்று முப்பத்துநான்கு வருடம் பார்த்துச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். கேமையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

இதை எழுத வைத்தது நம் உறவில் நடந்த ஒன்று. யார் வீடு என்று யாரும் ஊகிக்க வேண்டாம், அந்த வீட்டாரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். ஏழாம் வகுப்புப் பையன். பாட்டியின் கணக்கிலிருந்து இரண்டு மாதத்தில் 11,000 ரூபாய்க்கு மேல் ஒரு 'இலவச' கேமுக்குப் போயிருக்கிறது. மொத்தமாகப் போகவில்லை. 40 ரூபாய், 80 ரூபாய், 160 ரூபாய் என்று சில்லறை சில்லறையாகப் போயிருக்கிறது. பாட்டி பாஸ்புக் பதியப் போன அன்றுதான் தெரிந்தது. பையனுக்கு பெல்ட்டால் அடி. அடுத்த சில நாள் அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனான்.

பாட்டியின் பின் நம்பர் அவனுக்கு எப்படித் தெரியும்? அந்த வீட்டில் கேஸ் பதிவு செய்வது அவன். கரன்ட் பில் கட்டுவது அவன். தாத்தாவுக்கு ரீசார்ஜ் போடுவது அவன். மளிகைக் கடையில் ஸ்கேன் பண்ணிக் காசு போடுவதும் அவன்தான். "எனக்கு இதெல்லாம் எங்கே தெரியுது, நீயே போட்டுவிடு கண்ணு" என்று பின் நம்பரைச் சொல்லிக் கொடுத்தது பெரியவர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை வீட்டுக் கணக்குப்பிள்ளையாக வைத்துக்கொண்டு, கணக்கு இடித்ததும் பெல்ட்டை எடுத்தார்கள்.

அவன் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. கேட்காமல் எடுத்தது தப்பு, அதை அவனிடம் நேரில் சொல்லிவிட்டேன். என் கேள்வி வேறு. பெட்டிக்கடைக்காரர் ஒருவர் ஏழாம் வகுப்புப் பையனிடம் இரண்டு மாதம் தினமும் காசு வாங்கி, அவன் பாட்டியின் சுருக்குப்பையைக் காலி செய்திருந்தால் என்ன செய்திருப்போம்? பையனை அடித்துவிட்டுப் படுத்திருப்போமா? கடை வாசலில் நாலு பேரோடு போய் நின்றிருக்க மாட்டோமா? இங்கே அடி வாங்கியது பிள்ளை. காசு வாங்கியவன் மேல் ஒரு சொல் விழவில்லை. செல்போனில் ஆப் இறக்கும் கடையிலேயே, தெரியாமல் போன பணத்தைத் திருப்பிக் கேட்க ஒரு வழி இருக்கிறது. கேட்டால் கட்டாயம் கிடைக்கும் என்றில்லை. ஆனால் அந்த வீட்டில் யாரும் கேட்கக்கூட இல்லை.

கெட்ட கேம் எது என்று தெரிய வேண்டுமானால் முதலில் நல்ல கேம் எது என்று தெரிய வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். சூப்பர் மாரியோ பிரதர்ஸ். 1985-ல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்டது. உங்களில் பலர் டிவியில் கேசட் செருகி ஆடியதுதான். ஷிகேரு மியாமோட்டோவும் அவருடைய குழுவும் செய்த அதன் முதல் கட்டம், ஆசிரியர் பயிற்சியில் படிக்க வைக்க வேண்டிய பாடக்குறிப்பு.

மாரியோ இடது ஓரத்தில் நிற்பான். வலது பக்கம் முழுக்கக் காலி இடம். எந்தப் பக்கம் போவது என்று எழுதிப் போட வேண்டியதில்லை, பிள்ளைக்கே தெரியும். நாலடி நடந்தால் எதிரே ஒரு காளான் பூதம் வரும். குதிக்காமல் நின்றால் ஓர் உயிர் போகும். ஆனால் அது ஆரம்பத்திலேயே இருப்பதால் இழப்பு ஐந்து நொடிதான். மறுபடி வருவான், குதிப்பான். கேள்விக்குறி போட்ட பெட்டி மின்னும். முட்டினால் காசு வரும். இன்னொன்றை முட்டினால் காளான் வரும். காளான் என்றால் பயப்பட வேண்டும் என்று இப்போதுதானே கற்றிருக்கிறான்? அந்தக் காளான் வலது பக்கம் ஓடி, பச்சைக் குழாயில் மோதி, திரும்பி அவனை நோக்கியே வரும். மேலே கல் வரிசை இருப்பதால் தாண்டிக் குதிப்பதும் சுலபமில்லை. மேலே பட்டுவிடும். பட்டதும் மாரியோ பெரியவனாகிறான். சரி, இது நல்ல காளான்! ஒரு நிமிடத்துக்குள் இத்தனை பாடம். ஒரு வரி விளக்கம் கிடையாது, திட்டு கிடையாது.

எங்கள் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னது: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ, எளியதிலிருந்து கடினத்துக்குப் போ, தவறு செய்யப் பிள்ளைக்கு இடம் கொடு. எத்தனை வகுப்பில் நாம் இதைச் செய்கிறோம்? மாரியோவில் முதல் நிமிடத்திலேயே செய்திருக்கிறார்கள். கேம் என்றாலே மூளை கெடும் என்று செய்தி அனுப்பும் அண்ணன்மார்கள் ஒரே ஒருமுறை அந்த முதல் கட்டத்தை ஆடிப் பாருங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். மாரியோவுக்கு முடிவு உண்டு. கடைசிக் கோட்டை, இளவரசி மீட்பு, முடிந்தது. கேசட்டை எடுத்து வைத்துவிட்டு எழுந்து போகலாம். நம் பல்லாங்குழியும் அப்படித்தான். தாயத்தில் காய் எல்லாம் பழம் ஏறினால் ஆட்டம் முடிந்தது. ஆடுபுலியில் புலி கட்டுப்பட்டால் முடிந்தது. பரமபதம் எத்தனை முறை பாம்பு கடித்து இறங்கினாலும் ஒரு நேரத்தில் முடிந்துதான் ஆக வேண்டும்.

"பாம்பு கேமுக்கும் டெட்ரிஸுக்கும் கடைசிக் கட்டம் கிடையாதே டீச்சர்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் செய்த டெட்ரிஸில் கட்டைகள் விழுந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் தோற்றால் ஆட்டம் முடிந்தது. நோக்கியா போனில் சுவரில் முட்டிச் செத்த பாம்பு என்னிடம் "பத்து ரூபாய் கொடு, விட்ட இடத்திலிருந்து ஆடு" என்று கேட்டதே இல்லை. நான் போனைப் பையில் போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

இப்போது இலவச கேமுக்கு வருவோம். விதிவிலக்கு உண்டு, ஆனால் பெரும்பாலானவற்றில் நான் பார்த்த சங்கதிகள் இவை. பெற்றோர்கள் இதை நிதானமாகப் படியுங்கள்.

முதலாவது, உயிர்க் கணக்கு. நம் வீட்டுப் பெண்கள் நிறையப் பேர் ஆடும் கேண்டி கிரஷ் 2012-ல் வந்தது. ஐந்து உயிர் கொடுப்பார்கள். தோற்றால் ஒன்று போகும். போனது திரும்ப முளைக்க 30 நிமிடம். ஐந்தும் போனால் காத்திரு, இல்லையென்றால் யாரிடமாவது கேள், இல்லையென்றால் காசு கொடு. ஆட்டம் முடிவதே இல்லை, நடுவில் நிற்கிறது. பாதியில் நின்ற கதை மனதை அரிக்கும் என்பது தொடர்கதை எழுதியவர்களுக்கெல்லாம் தெரியும். அந்த அரிப்புக்கு இங்கே விலை வைத்திருக்கிறார்கள். இலவசமாகக் கொடுத்த அந்த நிறுவனத்தை 2016-ல் இன்னொரு நிறுவனம் 590 கோடி டாலருக்கு வாங்கியது. இலவசத்துக்கு அவ்வளவு விலை எப்படி வந்தது என்று யோசியுங்கள்.

இரண்டாவது, பொய் நாணயம். ரூபாயை நேரே கேட்க மாட்டார்கள். வைரம், தங்கக்காசு, ரத்தினம் என்று ஏதாவது ஒன்றை ரூபாய்க்கு விற்பார்கள், பிறகு அதைக் கொண்டு பொருள் வாங்கச் சொல்வார்கள். ஒரு சட்டை 60 வைரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைரம் 50, 100 என்ற பொட்டலத்தில்தான் கிடைக்கும். 100 வாங்கினால் 40 மிஞ்சும். மிஞ்சியது வீணாகக் கூடாதே என்று மறுபடி வாங்குவான். ஐந்தாம் வகுப்பில் லாப நட்டக் கணக்கு நன்றாகப் போட்ட பிள்ளையும் இதில் தடுமாறுவான். தடுமாற வேண்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

மூன்றாவது, வருகைப் பதிவேடு. தினமும் வந்தால் ஒரு பரிசு, ஏழாம் நாள் பெரிய பரிசு, ஒரு நாள் வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து. நானும் முப்பத்துநான்கு வருடம் வருகைப் பதிவேடு எடுத்தவள். காய்ச்சல் என்று லீவு போட்ட பிள்ளைக்கு ஒருநாளும் தண்டனை கொடுத்ததில்லை. இந்தப் பதிவேட்டில் காய்ச்சலுக்கும் தள்ளுபடி இல்லை, திருவிழாவுக்கும் தள்ளுபடி இல்லை.

நான்காவது, அதிர்ஷ்டப் பெட்டி. காசு கொடுத்து மூடிய பெட்டி வாங்க வேண்டும். உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாது. நம் காலத்தில் பெட்டிக்கடையில் அட்டை தொங்குமே, காசு கொடுத்துச் சீட்டுக் கிழித்தால் பலூனோ பொம்மையோ விழும், பெரிய பரிசு மட்டும் யாருக்கும் விழாது, அதேதான். பெரியவர்களுக்கு அது சுரண்டல் லாட்டரியாக வந்து எத்தனை குடும்பத்தை அழித்தது என்று நமக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரிக்குத் தடை வந்தபோது தாலிக்கொடி தப்பியது என்று பெருமூச்சு விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெல்ஜியம் நாட்டில் 2018-லேயே இந்த மாதிரிப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று அறிவித்தார்கள். இங்கே அதே சீட்டு அட்டை செல்போனுக்குள் வண்ண வண்ணமாகச் சுழல்கிறது, நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஐந்தாவது, கூட்டாளிகள் முன் மானம். ஓசியில் கிடைத்த உடுப்போடு ஆடுகிறவனை மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். நம் அரசுப் பள்ளிகளில் சீருடை எதற்கு வந்தது? ஏழை, பணக்காரன் என்ற வித்தியாசம் சட்டையில் தெரியக் கூடாது என்று. அந்த வித்தியாசத்தையே விற்றுக் காசாக்குகிறார்கள் இவர்கள்.

இதெல்லாம் டீச்சரின் சந்தேகம் என்று தள்ளிவிடாதீர்கள். 2022 டிசம்பரில் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம், ஃபோர்ட்நைட் என்ற இலவச கேமை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் மேல் குற்றம் சாட்டியது. குழந்தைகளின் தகவல்களைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் சேகரித்தது ஒன்று. ஆடுகிறவர்கள் அறியாமலே காசு போகும்படி பொத்தான்களை வைத்தது இன்னொன்று. அந்த நிறுவனம் மொத்தம் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதில் 24.5 கோடி டாலர், பணத்தை இழந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக. அங்கே கேள்வி கடைக்காரனைப் போய்ச் சேர்ந்தது.

"வியாபாரம் என்றால் அப்படித்தான், வேறெப்படிச் செய்வார்கள்?" என்று என் மாணவர்களில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். வேறு மாதிரிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். வியட்நாமைச் சேர்ந்த டோங் நுயென் 2013-ல் ஃபிளாப்பி பேர்ட் என்ற கேமை வெளியிட்டார். அதுவும் இலவசம்தான். விளம்பரத்தில் நாளுக்கு 50,000 டாலர் வந்ததாகச் செய்தி வந்தது. உலகமே பைத்தியமாக ஆடிக்கொண்டிருந்த நேரத்தில், 2014 பிப்ரவரியில், இது ஆட்களை அடிமையாக்குகிறது என்று சொல்லிக் கடையிலிருந்து எடுத்துவிட்டார். ஜோஷ் வார்டில் என்பவர் 2021-ல் வெளியிட்ட வேர்டில் சொல் விளையாட்டில் நாளுக்கு ஒரே ஒரு சொல். கண்டுபிடித்தாலும் சரி, தோற்றாலும் சரி, அடுத்தது நாளைக்குத்தான். மணி அடித்தால் வகுப்பு முடிந்தது என்பது போல. அப்படியும் உலகம் முழுக்க ஆடினார்கள். அடுத்த வருடமே நியூயார்க் டைம்ஸ் நல்ல விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. நிறுத்தத் தெரிந்தவனுக்கும் பிழைப்பு உண்டு.

நம் பக்கம் இருக்கும் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கேமுக்கு விலை போட்டிருந்தால் நாம் வாங்க மாட்டோம். தியேட்டரில் பாப்கார்னுக்குக் கேட்ட காசை மறுபேச்சில்லாமல் கொடுப்போம். கேமுக்கு 300 ரூபாய் என்றால் "இதுக்குப் போயா?" என்போம். நம்மை மட்டும் சொல்லவில்லை, உலகமே அப்படித்தான். மான்யுமென்ட் வேலி என்று ஓர் அழகான கேம் 2014-ல் வந்தது. ஒரே விலை, பத்து அத்தியாயம், முடிந்தது. அதே வருடம் புதிதாகச் சில அத்தியாயங்கள் செய்து இரண்டு டாலருக்கு விற்றார்கள். "இதற்குக் காசா?" என்று ஆட்கள் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டித் தீர்த்தார்கள். நேர்மையாக விலை சொன்னவனுக்குச் செருப்படி, மறைத்து உருவுகிறவனுக்கு மாலை. பிறகு நல்ல கேம் எங்கிருந்து வரும்?

காசு கொடுத்து வாங்கிய கேம் என்ன தரும் என்பதற்கு நம் வீட்டு உதாரணமே இருக்கிறது. 'வெண்பா' என்று ஒரு கேம். டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் 2023-ல் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குப் போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பம். வெண்பா என்பது தாயின் பெயர், மகன் கவின். ஊரிலிருந்து கொண்டுபோன அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன வரி என்னவாக இருக்கும் என்று யோசித்து இட்லி, புட்டு, பிரியாணி என்று செய்ய வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வைரமும் கிடையாது, பெட்டியும் கிடையாது. மகன் அம்மாவுக்கு ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் பாட்டியிடம் போனில் பேசுவது அப்படித்தானே இருக்கிறது? 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் கேம் என்ற பரிசை வாங்கியது. தமிழ்க் கேம் ஒன்று உலகப் பரிசு வாங்கியிருக்கிறது, தமிழாசிரியர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் தினமும் ஆடுவது ஸ்டார்டியூ வேலி. விவசாயம் செய்யும் கேம். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலு வருடத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து படம், இசை, கதை எல்லாம் செய்து 2016-ல் வெளியிட்டார். பிறகு புதிது புதிதாகச் சேர்த்ததற்கெல்லாம் தனியாகக் காசு கேட்கவில்லை. அதில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் கால் மணி நேரத்துக்கும் குறைவு. படுக்கைக்குப் போனால்தான் அன்றைய வேலை பதிவாகும். இரண்டு நாள் உழுது, தண்ணீர் ஊற்றி, படுக்க வைத்துவிட்டு நானும் படுத்துவிடுவேன்.

சில மாணவர்கள் "பையனுக்கு எந்தக் கன்சோல் வாங்கலாம் டீச்சர்?" என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், செல்போனைவிடக் கன்சோல் எவ்வளவோ மேல். காரணம் எளிது. டிவியில் ஆடும் கன்சோல் கூடத்தில் இருக்கும், செல்போன் போர்வைக்குள் இருக்கும். கூடத்தில் ஆடினால் அப்பா பார்ப்பார், தங்கை அடுத்த முறை கேட்பாள், சண்டை வரும், சமாதானம் வரும். அதற்காகப் புதுசாகவே வாங்க வேண்டும் என்பதில்லை. பிளேஸ்டேஷன் 5 நம் நாட்டுக்கு 2021-ல் வந்தபோதே 49,990 ரூபாய். நம்மில் எத்தனை வீட்டுக்கு அது கட்டுப்படியாகும்? யாரோ ஆடிவிட்டு விற்கும் பழைய கன்சோல் போதும். பத்து வருடத்துக்கு முந்தைய நல்ல கேம் இன்றும் நல்ல கேம்தான்.

வாங்கும்போது தட்டாகவோ கேசட்டாகவோ வாங்குங்கள். ஆடி முடித்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம், பாதி விலைக்கு விற்கலாம். நெட்டில் இறக்கியதை அப்படிக் கொடுக்க முடியாது. அது நம் சொத்தே இல்லை, வாடகை. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-ல் விற்ற தி க்ரூ என்ற கார் கேமுக்கு 2024 மார்ச் மாதத்தோடு சர்வரை மூடியது. தட்டு வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்கள்கூட அதற்குப் பிறகு ஆட முடியவில்லை. கலிபோர்னியாவில் 2025 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. பறித்துக்கொள்ளக்கூடிய உரிமத்தை விற்கும்போது அதைச் சொல்லாமல் 'வாங்கு' என்று எழுதக் கூடாது. 2025-ல் வந்த ஸ்விட்ச் 2-லோ சில கேசட்டுகளுக்குள் கேமே கிடையாது, வெறும் சாவிதான் இருக்கிறது. கேமை நெட்டில் இறக்க வேண்டும். ஆகவே அட்டையில் சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

இனி பெரியவர்களின் வழக்கமான கேள்விகள்.

"இது நோய் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டதே?" சொன்னதை முழுசாகப் படியுங்கள். கட்டுப்பாடு இழந்து, மற்ற எல்லாவற்றையும்விட கேமே முக்கியமாகி, கெடுதல் வந்த பிறகும் நிறுத்த முடியாமல், சாதாரணமாகப் பன்னிரண்டு மாதம் அப்படியே இருந்தால்தான் அது நோய் என்கிறார்கள். ஆடுகிறவர்களில் சிறு பங்கினருக்குத்தான் வரும் என்றும் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மாரியோ ஆடுகிறவன் நோயாளி இல்லை. நிஜமாகவே அந்த நிலைக்குப் போன பிள்ளைக்கு வேண்டியது மருத்துவர், பெல்ட் இல்லை.

"வெளியே போய் விளையாடட்டுமே?" நானும் அதைத்தான் சொல்கிறேன். எங்கே? நம் தெருக் கோடியில் இருந்த மைதானம் இப்போது மனைப்பிரிவு. தெருவில் பந்து போட்டால் கார் கண்ணாடி உடையும் என்று விரட்டுவதும் நாம்தான். முதலில் இடம் கொடுப்போம், பிறகு உபதேசம் செய்வோம்.

"அரசாங்கம் தடை செய்ய வேண்டும்." 2020 செப்டம்பரில் பப்ஜி தடையானது. பிள்ளைகள் வேறு கேமுக்குத் தாவினார்கள். 2021-ல் அதே ஆட்டம் வேறு பெயரில் வந்தது. 2025-ல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைத் தடை செய்தது. ஆன்லைன் ரம்மியில் உயிரை விட்டவர்களின் குடும்பங்களை நினைத்தால் அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் அதன் குறி பணப்பந்தயம். பொம்மைத் துப்பாக்கிக்கு நிறம் பூச ரூபாய் பறிக்கும் கடை திறந்தேதான் இருக்கிறது. அதை மூடும் வேலை இப்போதைக்கு வீட்டில்தான் நடக்க வேண்டும்.

ஆகவே பிள்ளை ஒரு கேம் கேட்டால் வேண்டும், வேண்டாம் என்று சொல்வதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். இது முடியுமா? நடுவில் நிறுத்திவிட்டுச் சாப்பிட வர முடியுமா? ஒரே விலையா, உள்ளே கடை இருக்கிறதா? நாளைக்கும் இது நம் கையில் இருக்குமா? நான்குக்கும் நல்ல பதில் வந்தால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஆடுங்கள். உள்ளே கடை இருந்தால் இலவசமாக இருந்தாலும் வேண்டாம்.

தாத்தா பாட்டிமார்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் பின் நம்பரை நீங்களே அடிக்கப் பழகுங்கள். ஐந்து எழுத்தறிவு வகுப்பு போதும், நான் எடுக்கிறேன். ஞாயிறு மாலை நாலு மணி, என் வீட்டுத் திண்ணை, காபி உண்டு. கேஸ் பதிவது, கரன்ட் பில் கட்டுவது, ரீசார்ஜ் செய்வது, ஓடிபியை யாரிடமும் சொல்லாமல் இருப்பது. வயதாகிவிட்டது என்று சொல்பவர்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன். எனக்கும்தான் வயதாகிவிட்டது.

மாணவர்களில் கேம் செய்யும் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். அந்த மூடிய பெட்டியை வரைகிறவரும், அந்தப் பொத்தானை எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறவரும் யாரோ ஒரு டீச்சரிடம் படித்தவர்கள்தான். அடுத்த கூட்டத்தில் உங்களைக் கேட்டால், ஒரு பிள்ளையின் முழுக்கைச் சட்டையை நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் பதில் போடுவேன், மதியம் இரண்டிலிருந்து இரண்டரை வரை மட்டும் கிடைக்க மாட்டேன். திட்டுவதானாலும் ஒற்றுப்பிழை இல்லாமல் திட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்